ஊற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் மேட்டிலிருந்து தொடங்குங்கள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் காலனியில் 38 வீடு, எல்லோருக்கும் ஒரே ஊற்று. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே மடிப்பு மாதிரி இறங்கும் பள்ளத்தில், ஒரு பாறைக்கு அடியிலிருந்து கசியும் தண்ணீரைச் சின்னத் தொட்டி கட்டிப் பிடித்து, அங்கிருந்து பைப் போட்டு ஊர் டேங்குக்குக் கொண்டுவந்திருக்கிறோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் தீபாவளி கழிந்து அடித்த மழையில் அந்தத் தண்ணீர் கெட்டது. பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது, குடித்தால் லேசாக ஒரு மக்கல் வாடை. ஒரே வாரத்தில் ஏழு வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. டேங்கைக் கழுவினோம், பிளீச்சிங் பவுடர் போட்டோம், சரியானது. அடுத்த மழைக்குத் திரும்பவும் அதே கதை. பைப் ஓட்டையாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து பைப்பையும் மாற்றினோம். அப்புறமும் மாறவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் ஊற்றைத் தாண்டி மேலே ஏறிப் பார்த்தோம். இருநூறு அடி மேலே புதிதாக வந்த ஒரு வீட்டின் கக்கூஸ் குழி, ரிங் இறக்கியிருக்கிறார்கள், அடியில் சிமெண்ட் கிடையாது. அதற்குக் கொஞ்சம் தள்ளிக் கேரட் போட்டிருந்த நிலத்தின் ஓரத்தில் மூடாமல் கொட்டிக் கிடந்த கோழி எருக் குவியல், அதிலிருந்து கருப்பாக ஒரு கோடு மழைத் தண்ணீரோடு நேராக எங்கள் பள்ளத்தைப் பார்த்து இறங்கியிருந்தது. அத்தனை வருஷமும் டேங்கையும் பைப்பையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், தண்ணீர் வருகிற நிலத்தை ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததையும் செய்யும்போது கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நீலகிரியில் ஊற்றை நம்பி இருக்கும் எந்த ஹட்டிக்கும் (படுகர் ஊர்), காலனிக்கும், எஸ்டேட் லைனுக்கும் (தொழிலாளர் குடியிருப்பு) இது பொருந்தும்.

முதலில் தண்ணீர் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எந்த நிலத்தைக் காக்க வேண்டும் என்பதே தெரியாது. நம் மலைக்கு அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினமான பாறை. அந்தப் பாறையே மேல்பக்கம் லட்சக்கணக்கான வருஷமாக மக்கிப்போய்ச் செம்மண்ணும் உதிரிக்கல்லுமாகக் கிடக்கிறது. மழைத் தண்ணீர் இந்த மக்கிய அடுக்கில் இறங்கி, கெட்டிப் பாறை தட்டுப்பட்டதும் அதற்கு மேல் இறங்க முடியாமல் சரிவோடு நகர்ந்து, எங்கே மண் மெலிந்து பாறை வெளியே தெரிகிறதோ அங்கே ஊற்றாகக் கசிகிறது. பாறை வெடிப்புகள் வழியாக வருவதும் உண்டு. ஆகவே ஊற்று என்பது பூமிக்கு அடியில் எங்கோ இருக்கும் பெரிய ஏரியின் குழாய் கிடையாது. உங்கள் தலைக்கு மேலே தெரியும் அந்தச் சரிவில் பெய்த மழைதான் அது, மண்ணுக்குள் சில மாதம் தங்கிவிட்டு வருகிறது. கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் முக்கியம். அப்போது மண் குடித்ததைத்தான் மாசி பங்குனியில் நாம் குடிக்கிறோம். மேட்டில் யூரியா போட்டாலும் எரு கொட்டினாலும் கக்கூஸ் குழி வெட்டினாலும் அது கரைந்து வருவதும் இதே வழியில்தான்.

அதனால் முதல் வேலை நடப்பது. மழை பெய்துகொண்டிருக்கும்போதோ, விட்டவுடனோ குடையை எடுத்துக்கொண்டு ஊற்றிலிருந்து மேலே ஏறுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஓடி வருகிறது, எந்த மேட்டில் இரண்டாகப் பிரிந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அந்தப் பிரியும் மேடுதான் உங்கள் ஊற்றின் எல்லை என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். பாறையின் சாய்வு வேறு மாதிரி இருந்தால் நிலத்தடித் தண்ணீர் அடுத்த பள்ளத்திலிருந்தும் வரலாம் என்பதால், எல்லையைக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். ஒரு பேப்பரில் அதை வரைந்து, அதற்குள் இருக்கும் வீடு, கக்கூஸ், மாட்டுத்தொழுவம், தோட்டம், ரோடு, குப்பைக் குழி எல்லாவற்றையும் குறியுங்கள். எங்களுக்கு இது ஒரு நாள் வேலை. ஊரில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். எங்களோடு வந்த பாட்டி ஒருவர், இப்போது முட்டைகோஸ் இருக்கும் ஒரு தாழ்வான இடத்தைக் காட்டி, "இங்க கால வெச்சா முட்டி வரைக்கும் இறங்கும், சின்ன வயசுல மாடு சிக்கிக்கும்" என்றார். அது சதுப்பாக இருந்த இடம். அதைக் கான் (வாய்க்கால்) வெட்டி வடித்துக் காய்கறி போட்ட பிறகுதான் கோடையில் எங்கள் ஊற்று இளைக்கத் தொடங்கியது என்று அவர் கணக்குச் சொன்னதை நான் நம்புகிறேன், ஏனென்றால் சதுப்பு ஒரு பஞ்சு மாதிரி மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும்.

அடுத்து அளவு. ஒரு பத்து லிட்டர் வாளியும் கையில் இருக்கும் போனும் போதும். தொட்டிக்குள் விழும் தண்ணீரை வாளியில் பிடித்து எத்தனை செகண்டில் நிரம்புகிறது என்று பாருங்கள், மூன்று தடவை பிடித்துச் சராசரி எடுங்கள். 40 செகண்ட் என்றால் நிமிஷத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர். எங்கள் ஊற்று டிசம்பரில் இப்படி இருக்கும். அதே வாளி மார்ச் மாதக் கடைசியில் நிரம்ப 2 நிமிஷம் பிடித்தது, அதாவது நாளுக்கு 7,200 லிட்டர். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்று கணக்குச் சொல்கிறது, எங்கள் 150 பேருக்கு 8,250 லிட்டர் வேண்டும். இந்த அளவுகளை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கும்வரை எங்களுக்குக் கோடையில் பற்றாக்குறை எவ்வளவு என்பதே தெரியாது, "தண்ணி கம்மியாயிடுச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். ஆபீசில் போய்ப் பேசும்போது அந்த நோட்டுக்கு இருக்கும் மரியாதை நம் வாய்ப்பேச்சுக்குக் கிடைப்பதில்லை.

இனி நிலத்தில் என்ன செய்வது.

கக்கூஸ் குழிதான் அவசரம், அதனால் அதை முதலில் சொல்கிறேன். மலையில் பல வீட்டில் செப்டிக் டேங்க் என்று சொல்வது உண்மையில் அடி இல்லாத குழி. அது நிரம்புவதே இல்லை என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார், நிரம்பாததற்குக் காரணம் எல்லாம் கீழே இறங்கிவிடுவதுதான். கழிவு உறிஞ்சு குழிக்கும் குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர், சுமார் 60 அடி, இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அதைச் சமநிலத்துக்கான குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சரிவில், அதுவும் ஊற்றுக்கு நேர் மேலே, மண் மெலிதாக இருந்து அடியில் வெடிப்புப் பாறை இருந்தால் 60 அடி எந்த மூலைக்கு? எங்களுக்கு 200 அடியிலிருந்தே வந்தது. முடிந்தவரை குழி ஊற்றின் எல்லைக்கு வெளியே, அல்லது ஊற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இடம் மாற்ற முடியாது என்றால் அடியும் சுவரும் சிமெண்ட் பூசிய, கசியாத தொட்டி கட்டி, வெளியே வரும் தண்ணீரைப் பைப்பில் எடுத்துப்போய்ப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கல்வாழை நட்ட பாத்தியில் விடலாம். தொட்டி கட்டினால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும், அந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் கேளுங்கள். இன்னொரு ஊர் ஊற்றுக்கு மேலே கொட்டினால் நாம் செய்தது என்ன?

எங்கள் மேட்டு வீட்டுக்காரரிடம் பேசப் போனபோது முதலில் சண்டைதான். "என் எடத்துல நான் குழி வெட்டுறேன், உங்களுக்கென்ன?" என்றார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. பட்டா அவருடையது, கடன் வாங்கிக் கட்டிய வீடு, ஊற்றுத் தண்ணீர் அவருக்கு ஒரு சொட்டுக் கூட வருவதில்லை. அடுத்த முறை வெறும் கையோடு போகவில்லை. ஊரில் பேசி, தொட்டி கட்டும் ஆள்கூலியை நாங்கள் தருகிறோம், சிமெண்டும் கல்லும் நீங்கள் வாங்குங்கள், ஊர் டேங்கிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு லைன் இழுத்துத் தருகிறோம் என்று சொன்னோம். அவர் சம்சாரம்தான் உள்ளேயிருந்து வந்து, "அண்ணா, உக்காருங்க, டீ போடறேன்" என்றார். அந்த டீயோடு விஷயம் முடிந்தது. கீழே குடிப்பவர்கள் செலவில் பங்கு எடுக்காமல் மேலே இருப்பவர்களிடம் தியாகத்தை மட்டும் கேட்பது முறையில்லை என்பது என் அபிப்பிராயம்.

எரு, உரம் விஷயம் இன்னும் பொறுமையாகப் பேச வேண்டியது, ஏனென்றால் அது ஒருவரின் பிழைப்பு. தழைச்சத்து உரம் செடி எடுத்ததுபோக மிச்சம் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் அப்படியே கரைந்து இறங்கிவிடும், மண் அதைப் பிடித்துவைக்காது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் நைட்ரேட்டின் எல்லை. அதைத் தாண்டினால் முக்கியமாக ஆறு மாதத்துக்குள் இருக்கும் புட்டிப்பால் குழந்தைகளுக்கு ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரித்துவிடும். நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் இன்னும் அடர்த்திதான் ஆகும். பிளீச்சிங் பவுடருக்கும் அது அசையாது. மேட்டில் குறைப்பது ஒன்றுதான் சுலபமான வழி.

எப்படிக் குறைப்பது? தேயிலைக்கு ஒரே தடவையில் அள்ளிப் போடாமல் பிரித்துப் பிரித்துப் போடுவது, பெருமழை வரப்போகிறது என்றால் நிறுத்திவைப்பது, மண் பரிசோதனை செய்து தேவையானதை மட்டும் போடுவது. மழைக்கு முன்னால் போட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். லேசான தூறலுக்கு அது சரி, ஐப்பசி அடைமழையில் பாதிக் காசு பள்ளத்துக்குத்தான் போகும். கோழி எருவைப் பச்சையாகக் கொட்டாமல், ஊற்றின் எல்லைக்கு வெளியே மேடான இடத்தில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, நன்றாக மக்கிய பிறகு எடுத்துப் போடச் சொல்லுங்கள். எங்கள் கேரட்காரர் இதற்குச் சட்டென்று ஒத்துக்கொண்டார், தார்ப்பாய் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

உருளைக்கிழங்கு போடும் நிலத்தில் நூற்புழுத் தொல்லை பழையது, 1961-லேயே நீலகிரியில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் போடும் குருணை மருந்துகளில் சில தண்ணீரில் சுலபமாகக் கரைபவை, விஷமும் அதிகம். ஊற்றுக்கு நேர் மேலே இருக்கும் பாத்திகளில் உருளைக்குப் பதில் பயிர் மாற்றிப் போட்டால் புழுவும் குறையும், மருந்தும் குறையும். எந்த மருந்தானாலும் ஸ்பிரேயரில் கலக்குவதும் கழுவுவதும் ஓடைக்கரையில் கூடவே கூடாது. தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு மேலே தோட்டத்துக்குப் போய்க் கலக்கட்டும். காலி டப்பா பள்ளத்தில் கிடந்தால் எடுத்து அப்புறப்படுத்துங்கள், அதில் குழந்தைகள் தண்ணீர் பிடித்து விளையாடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

மண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். சமவெளியில் மழைநீர் சேகரிப்பு என்றால் குழி வெட்டு, பள்ளம் தோண்டு என்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் சரிவில் கண்ட இடத்தில் குழி வெட்டாதீர்கள். 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. கெட்டிப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஆழமான மண்ணில் ஒரே இடத்தில் தண்ணீரைத் தேக்கினால் மண் கனத்து வழுக்கி இறங்கும். கீழே வீடு இருக்கும் செங்குத்துச் சரிவிலும், நிலத்தில் வெடிப்பு தெரிகிற இடத்திலும், மரங்கள் சாய்ந்து நிற்கிற இடத்திலும் குழி வேண்டவே வேண்டாம், வேளாண் பொறியியல் துறையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மிதமான சரிவில், தேயிலைத் தோட்டத்தில் பழைய துரைமார் காலத்திலிருந்தே இருக்கும் கான் முறையே நல்லது. சரிவுக்குக் குறுக்கே வெட்டி, நடுநடுவே மண் திட்டு விட்டுவைக்கும் கான். தண்ணீர் ஒரு திட்டில் நின்று, மண்ணை இறக்கிவிட்டு, மிஞ்சினால் மெதுவாக அடுத்ததற்கு வழியும். இப்போது ஆள் கிடைக்காமல் கான்கள் எல்லாம் தூர்ந்து கிடக்கின்றன. ஊற்றுக்கு மேலே இருக்கும் கான்களை மட்டுமாவது வருஷத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் ஊரே சேர்ந்து தூர்வாரலாம். நாங்கள் இரண்டு ஞாயிறு செய்தோம், தோட்டக்காரருக்கும் அது லாபம்தான். கவாத்து வெட்டிய மிலாறை (குச்சிகளை) விறகுக்கு மொத்தமாக எடுத்துப் போகாமல் பாதியையாவது செடிக்கு அடியிலேயே பரப்பிவிட்டால் மண் மூடிக்கொள்ளும், களையும் குறையும், களைக்கொல்லி அடிக்கும் தேவையும் குறையும். காய்கறி நிலத்தில் பாத்தியை மேலிருந்து கீழாகப் போடுவது வழக்கம், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்ற பயம் அதற்குக் காரணம், அது பொய்யான பயமும் இல்லை. முழுக்கக் குறுக்காகப் போட முடியாது என்றால் கொஞ்சம் சாய்த்துப் போட்டு, இருபது அடிக்கு ஒரு வரிசை குவாட்டிமாலா புல்லோ வெட்டிவேரோ நட்டுவிடலாம். புல் மாட்டுக்கு ஆகும்.

மரம் விஷயத்தில் நம் ஊரில் எப்போதும் வாக்குவாதம் வரும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) தண்ணீரைக் குடிக்கிறது என்பது வெறும் பேச்சு கிடையாது. ஊட்டியிலிருக்கும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் புல்வெளி நிலத்தின் ஒரு பகுதியில் கற்பூரம் நட்டு, பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு நிலத்தைப் புல்லாகவே விட்டு, வருஷக்கணக்கில் அளந்து பார்த்தது. கற்பூரம் நட்ட பக்கம் முதல் பத்தாண்டில் ஓடைத் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. அதற்காக நாளைக்கே கோடாரியோடு போகாதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். ஒரே நேரத்தில் மொட்டையடித்தால் மண்ணும் கூடவே இறங்கும். ஊற்றை ஒட்டிய கற்பூரத்தையும் சீகை (வாட்டில்) மரத்தையும் வரிசை வரிசையாக எடுத்து, எடுத்த இடத்தில் நம் மலைக்கே உரிய சோலைக்காட்டு மரங்களைக் கொண்டுவர வேண்டும். நாவல் வகை, தவிட்டுப்பழச் செடி, குறிஞ்சி எல்லாம் பக்கத்துச் சோலை ஓரத்தில் கன்றாகவே முளைத்திருக்கும். தனியார் நிலமாக இருந்தால் கேட்டு எடுத்து வந்து நடலாம், காட்டுக்குள் இருந்தால் வனத்துறையிடம் கேளுங்கள். பழைய சதுப்பு இடம் எங்காவது மிச்சம் இருந்தால் அங்கே மரமே வேண்டாம், சும்மா விட்டாலே போதும்.

ஊற்று வாயைச் சுற்றி முப்பது அடியாவது வேலி போடுங்கள். வேலிக்கு மேல்பக்கம் பிறை மாதிரி ஒரு கான் வெட்டினால், மேலே ஓடி வரும் மழைத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்காமல் இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடும். இந்த ஒரு கானாலேயே எங்கள் தண்ணீர் மழைக்காலத்தில் கலங்குவது நின்றது. தொட்டிக்கு மூடியும், வழியும் பைப்பில் கம்பி வலையும் வேண்டும். வேலிக்கு உள்ளே எரு, மருந்து, சோப்பு எதுவும் கூடாது. வழியும் தண்ணீரை ஐம்பது அடி கீழே கொண்டுபோய் ஒரு குட்டையில் விடுங்கள், மாடும் காட்டுமாடும் கரடியும் அங்கே குடிக்கட்டும். நாங்கள் முதலில் குட்டை இல்லாமல் வேலி மட்டும் போட்டோம், நாலாவது நாள் காட்டுமாடு வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்து நின்றது. அதன் தண்ணீரும்தானே அது.

மேட்டில் ஜேசிபி சத்தம் கேட்டால் அன்றைக்கே போய்ப் பாருங்கள். ரோட்டுக்கோ வீட்டுக்கோ சரிவை நேராக வெட்டும்போது மக்கிய அடுக்கே வெட்டுப்படுகிறது, வெட்டிய சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து ரோட்டில் ஓடினால் அது உங்கள் ஊற்றுக்கு வந்திருக்க வேண்டிய தண்ணீர். போர்வெல் போடவும் ஜேசிபி ஓட்டவும் நீலகிரியில் கட்டுப்பாடு இருக்கிறது. அனுமதி இருக்கிறதா என்று கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஒத்துக்கொண்டதை எல்லாம் எழுத்தில் கொண்டுவந்துவிடுங்கள். கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் அதில் ஒன்று. ஊற்றின் எல்லையை வரைந்த பேப்பரையும் அளவு நோட்டையும் எடுத்துப் போய், இந்த எல்லைக்குள் புதிய குழியும் குப்பைக் கிடங்கும் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள், அதன் நகலைக் கேட்டு வாங்கிவையுங்கள். நிலம் கை மாறினால் புதிதாக வருகிறவருக்குக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

கடைசியாகச் சோதனை. மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை தொடங்கி இரண்டு வாரத்தில் ஒரு தடவை, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய லேபில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள், நைட்ரேட்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் கிருமி பார்க்கும் சின்ன பாட்டில் சோதனை இருக்கிறது, தண்ணீர் ஊற்றிவைத்து ஒன்று இரண்டு நாளில் கருத்தால் கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். நம் குளிரில் அது சரியாக வேலை செய்யாது, கருக்கவில்லை என்று ஏமாந்துவிடாதீர்கள், துணியில் சுற்றி அடுப்பங்கரைச் சூட்டில் வையுங்கள். குளோரின் போடுவதையும் நிறுத்த வேண்டாம், கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

எங்கள் நோட்டில் போன மார்ச் 28-ந்தேதி கணக்கு, வாளி நிரம்ப 1 நிமிஷம் 35 செகண்ட். மேட்டு வீட்டுக்காரரும் கூட வந்து வாளியைப் பிடித்தார்.